ஆங்கிலமும் அரிவரியும்



யாழ்ப்பாணத்துப் பாடசாலைகளில் ஆங்கிலம் படிப்பித்துக் காலங் கழித்தவன் நான். ஒருநாள் பத்தாந் தரத்து மாணவன் ஒருவன் ஆங்கிலப் பாடநூலின் ஒரு பக்கத்தைத் தடங்கலின்றி உரத்து வாசித்தான். உச்சரிப்பிற் குறையில்லை. "என்ன சொல்லியிருக்குது, தம்பி? தமிழிலேயே சொல்லும்" என்றேன்.

"வாசிக்கத்தானே சேர் சொன்னனீங்கள்" என்றான். வகுப்புச் சிரித்தது.

மேசையிற் கிடந்த தமிழ்ப் பத்திரிகையை எடுத்து, சிறிய செய்தி ஒன்றை வாசிக்கக் கொடுத்தேன். அதையும் அழகாக வாசித்தான். கேள்வி கேட்டபோது பேசாமல் நின்றான். பிள்ளைகளுக்கு ஆங்கிலம் வரவில்லை என்று பல வருடங்கள் குறைப்பட்டவன் நான். இவனுக்கு வராதது வாசிப்பு என்பது அன்றுதான் விளங்கியது.

ஆங்கிலமா, தமிழா என்ற வழக்கு எங்கள் மண்ணுக்குப் புதியதன்று. அமெரிக்க மிஷனரிமார் 1823இல் வட்டுக்கோட்டையிற் செமினரியைத் தொடங்கினர். ஆங்கிலங் கற்றவர்கள் அரசாங்க உத்தியோகம் தேடிப் போகிறார்கள், மிஷனின் நோக்கம் நிறைவேறவில்லை என்ற மனக்குறையோடு 1855இல் அதை மூடினர். அவ்விடத்தில் யாழ்ப்பாணக் கல்லூரி எழுந்தது 1872இல்.

அந்தச் செமினரியில் ஆங்கிலத்தோடு தமிழும் கற்பித்தார்கள் என்பதை நாம் மறந்துவிடுகிறோம். அங்கு பயின்ற சி. வை. தாமோதரம்பிள்ளை சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகள் இருவரில் ஒருவர். அவரே 1887இற் கலித்தொகையைப் பதிப்பித்தவர். ஆங்கிலக் கல்வி அவரைத் தமிழ் ஏட்டிலிருந்து பிரிக்கவில்லை.

ஆறுமுக நாவலர் வெஸ்லியன் மிஷன் பாடசாலையில் ஆங்கிலங் கற்றவர். பேர்சிவல் பாதிரியாரோடு பைபிள் மொழிபெயர்ப்பில் உழைத்தவர். 1848இல் வண்ணார்பண்ணையிற் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவினார். படிப்படியாக உயரும் பாலபாடங்களை எழுதினார். எழுத்திலும் சிறு சொல்லிலும் தொடங்கும் பிள்ளை, நாலாம் புத்தகத்தில் நெடிய வசனத்தின் பொருளைத் தாங்க வேண்டும். நாவலரிடமிருந்து ஆங்கில ஆசிரியனாகிய நான் கற்றுக்கொண்டது இந்த ஏணியைத்தான்.

இன்று மூன்றாந் தரத்திலிருந்து பதினோராந் தரம்வரை ஆங்கிலப் பாடநூல் உண்டு. தரத்துக்குத் தரம் புத்தகம் மாறுகிறது. நாம் கேட்கும் கேள்வி மாறுகிறதா? சொல்லுக்குக் கருத்து, கோடிட்ட இடம், பிறகு ரியூட்டரியில் பழைய வினாத்தாள். மூன்றாந் தரத்துப் பிள்ளை படத்தைப் பார்த்துக் கதை சொல்லட்டும். ஆறாந் தரத்தில், கதையில் வருபவன் ஏன் அப்படிச் செய்தான் என்று கேட்போம். பத்தாந் தரத்தில், எழுதியவர் சொல்வது சரியா என்று கேட்போம். இந்தக் கேள்விகளை முதலில் தமிழிற் கேட்க வேண்டும். தமிழில் அந்தப் பழக்கம் வந்த பிள்ளைக்கு ஆங்கிலத்திற் குறைவது சொற்கள் மாத்திரமே. தமிழாசிரியரும் ஆங்கில ஆசிரியரும் ஒரே ஓய்வறையில் இருக்கிறோம். ஒரு வகுப்பைப் பற்றி இருவரும் சேர்ந்து பேசுவது எத்தனை நாள்?

அந்த மாணவனைப் பாடசாலை விட்டபின் தினமும் கால்மணி நேரம் மறித்து வைத்தேன். முதலில் தமிழில் ஒரு பந்தி; புத்தகத்தை மூடிவிட்டுத் தன் சொல்லிற் சொல்ல வேண்டும். பிறகு ஆங்கிலத்தில் நாலே நாலு வரி. மாதங்கள் சென்றன. ஒருநாள் ஆங்கிலப் பந்தியின் நடுவில் நிறுத்தி, "சேர், இதை எழுதினவர் சொல்லுறது பிழை" என்றான். ஏன் என்று தமிழிலும் ஆங்கிலத்திலுமாகத் தட்டுத்தடுமாறி விளக்கினான். பரீட்சையிற் சாதாரண சித்திதான் பெற்றான். எனக்கு அன்றைய பிழைதிருத்தமே போதும்.

பெற்றோரிடம் ஒன்று கேட்பேன். பிள்ளை இன்று எத்தனை புள்ளி எடுத்தது என்று விசாரிக்குமுன், என்ன வாசித்தது, அதில் என்ன இருந்தது என்று விசாரியுங்கள். பதில் வரத் தாமதமானாற் பொறுத்திருங்கள்.