மூணு வருஷ துக்கம்

இன்னிக்கு கொஞ்சம் கனமான விஷயம். ரொம்ப நாளா பேசணும்னு நினைச்சு, தள்ளிப் போட்டுக்கிட்டே வந்தது.

நான் சிங்கப்பூர்ல வேலை பார்க்கிறேன். சமீபத்துல, கூட வேலை செய்யற ஒரு சீன நண்பரோட அப்பா இறந்துட்டார். துக்கம் விசாரிக்கப் போனேன். அவங்க அடுக்குமாடிக்குக் கீழ, 'வாய்ட் டெக்'னு சொல்ற திறந்த தளத்துல துணி கட்டி மறைச்சு, நடுவுல பெட்டி, முன்னால அப்பாவோட படம், ஊதுபத்தி. சுத்தி வட்ட மேசைகள். வேர்க்கடலை, தர்பூசணி விதை, பாக்கெட் பானம். ஒரு மூலையில நாலு பேர் சீட்டு ஆடிட்டிருந்தாங்க. ராத்திரி முழுக்க உடலைத் தனியா விடக்கூடாது. கண் அசராம இருக்கத்தான் அந்தச் சீட்டு.

அங்க எல்லாத்துக்கும் ஒரு கணக்கு உண்டு. உடல் மூணு நாள், அஞ்சு நாள், ஏழு நாள்னு ஒற்றைப்படையிலதான் இருக்கும். நாம கொடுக்கிற பணமும் ஒற்றைப்படைதான், வெள்ளை உறையில. கிளம்பும்போது எடுத்துக்க ஒரு சிவப்பு நூல் இருக்கும். தீட்டோ துரதிர்ஷ்டமோ கூட வராம இருக்க.

நண்பரோட சட்டைக் கையில சின்னதா ஒரு கறுப்புச் சதுரத் துணி குத்தியிருந்தது. பிள்ளைங்களுக்கு அந்த நிறம். இறந்தது அப்பாங்கிறதால இடது கை. அம்மான்னா வலது கை. அடுத்த வாரம் ஆபீஸ் மீட்டிங்ல உட்கார்ந்திருக்கார், அந்தத் துணி அப்படியே இருக்கு. "நாற்பத்தொன்பது நாள் வரைக்கும்"னார். ஏழு ஏழு நாளா ஏழு தடவை.

அதைப் பார்க்கப் பார்க்க எனக்கு உறுத்தல். ஏன்னு அப்புறம் சொல்றேன்.

நாற்பத்தொன்பது நாளே பெருசுன்னு நினைச்சேன். பழைய சீனாவுல, அப்பா அம்மாவுக்கு மூணு வருஷம்! நடைமுறையில 25 இல்ல 27 மாசம், அதாவது மூணாவது வருஷத்தைத் தொட்டா போதும். விளிம்பு கூட தைக்காத முரட்டுச் சணல் துணி, எளிய சாப்பாடு, பாட்டு கிடையாது, விருந்து கிடையாது. மிங், சிங் அரச காலங்கள்ல அதிகாரியா இருந்தா பதவியை விட்டுட்டு 27 மாசம் ஊருக்குப் போயிடணும். பெத்தவங்க இறந்ததை மறைக்கிறது, தாங் காலச் சட்டத்துல மகா கொடிய பத்துக் குற்றங்கள்ல ஒண்ணோட சேர்த்தி. 1577-ல ஜாங் ஜூஜெங்னு ஒரு தலைமை அமைச்சர். அப்பா இறந்தும் அரசர் அனுமதியோட பதவியிலேயே இருந்தார். அதைத் தட்டிக் கேட்ட அதிகாரிகளுக்கு அரசவையில தடியடி கிடைச்சுது. அந்த அளவுக்கு அது பெரிய சண்டை.

எல்லாரும் இதை ஏத்துக்கலை. மோட்ஸுங்கிற தத்துவ அறிஞர், இப்படி துக்கம் காத்தா யாரு உழுறது, யாரு நெய்யறதுன்னு கேட்டார். கன்ஃபூசியஸோட சீடர் ஸாய் வோவும் குருகிட்டயே கேட்டார்: ஒரு வருஷத்துல பழைய தானியம் தீர்ந்து புதுசு வந்துடுது, துக்கத்துக்கும் ஒரு வருஷம் போதாதா?

நியாயமான கேள்விதானே? கன்ஃபூசியஸ் சட்டம் பேசலை. அந்த நேரத்துல நல்ல சோறு சாப்பிட்டு, பட்டு உடுத்தினா உன் மனசு ஒப்புமான்னு மட்டும் கேட்டார். ஒப்பும்னார் சீடர். அப்ப செய்னுட்டார். சீடர் வெளியே போன பிறகுதான் காரணம் சொன்னார்: குழந்தை பெத்தவங்க கையை விட்டு இறங்கவே மூணு வருஷம் ஆகுதே.

இப்ப என் கதை. எங்க அப்பா இறந்தப்ப ஊருக்குப் போனேன். காரியம் முடிஞ்ச அஞ்சாம் நாள் திரும்பிட்டேன். யாரும் என்னைக் கூப்பிடலை. நானேதான் வந்தேன். பதினாறாம் நாளை அண்ணன் பார்த்துக்கிட்டான். அன்னிக்கு நான் ஒரு பிரசன்டேஷன் பண்ணிட்டிருந்தேன். நல்லா பண்ணேன்னு பாராட்டினாங்க. என்கிட்ட யாராவது அன்னிக்கு மனசு ஒப்புதான்னு கேட்டிருந்தா, "ஒப்புது"ன்னுதான் சொல்லியிருப்பேன். அது பொய்னு தெரிய, இன்னொருத்தரோட சட்டையில ஒரு துண்டுத் துணியைப் பார்க்க வேண்டியிருந்தது.

மூணு வருஷம் வேணும்னு நான் சொல்ல வரலை. அந்தக் காலத்துலயும் அது வசதி உள்ளவங்களுக்குத்தான் முழுசா முடிஞ்சிருக்கும். ஆனா அந்தத் துணிக்கு ஒரு வேலை இருக்கு. இவர் இன்னும் துக்கத்துல இருக்கார், கொஞ்சம் பார்த்துப் பேசுங்கன்னு அவர் வாய் திறக்காமலே சொல்லுது. எனக்கு அப்படி எதுவும் இல்லை. அதனால யாரும் கேட்கலை, நானும் சொல்லலை.

போன ஞாயித்துக்கிழமை அண்ணனுக்கு போன் பண்ணேன். பதினாறாம் நாள் என்னென்ன செஞ்சீங்கன்னு முதல் தடவையா கேட்டேன். ஒரு மணி நேரம் பேசினான். நான் கேட்டுக்கிட்டே இருந்தேன்.

உங்க வீட்டுலயும் இப்படிக் கேட்காம விட்ட கேள்வி ஏதாவது இருந்தா, இந்த வாரம் கேட்டுப் பாருங்க. அடுத்த எபிசோடுல சந்திப்போம்.