கணக்கு எல்லோருக்கும் தெரியணும்

(வாலாஜாபேட்டை வட்டாரக் குழுக்களின் ஊக்குநர்கள், பிரதிநிதிகளுக்கான பயிற்சியில் பேசியது. பேச்சு நடையிலேயே தந்திருக்கிறோம்.)



வீட்டு வேலையை முடிச்சு, பிள்ளைங்களைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிட்டு, பஸ் பிடிச்சு வந்திருக்கீங்க. சில பேர் இன்னிக்குக் கூலியை விட்டுட்டு வந்திருக்கீங்க. அதனால சுத்தி வளைக்காம நேரா விஷயத்துக்கு வர்றேன்.

என்னைப் பேசச் சொன்னது ரெண்டு விஷயம். ஒண்ணு, குழுவை எப்படி வழிநடத்துறது. இன்னொண்ணு, சின்னத் தொழிலை எப்படி நிலைக்க வைக்கிறது. பார்த்தா வேற வேற மாதிரி இருக்கும். ஆனா ரெண்டுக்கும் வேர் ஒண்ணுதான். கணக்கு எல்லோருக்கும் தெரிஞ்ச குழு உடையாது. கணக்கு சரியாப் போட்ட தொழில் சீக்கிரம் படுக்காது. இன்னிக்கு நான் சொல்லப்போறது முழுக்க இதைப் பத்தித்தான்.

நம்ம பக்கத்து நிலைமை

நம்ம வாலாஜாபேட்டைக்கு வியாபாரம் புதுசு இல்லை. தென்னிந்தியாவில் முதல் ரயில் 1856-ல் ராயபுரத்தில் கிளம்பி நம்ம வாலாஜா ரோடு வரைக்கும்தான் வந்தது. இன்னிக்கு ராணிப்பேட்டை, மேல்விஷாரம், பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடின்னு தோல் தொழில் இருக்கிற இந்த வரிசையில் ஆயிரக்கணக்கான பெண்கள் ஷூ கம்பெனிக்குப் போறாங்க. ஆம்பூர் பக்கம் வீட்டிலேயே உட்கார்ந்து ஷூவின் மேல்பாகத்தைக் கையால் தைக்கிற பெண்களும் இருக்காங்க. ஏஜெண்ட் தோலையும் நூலையும் கொண்டுவந்து கொடுப்பார், தைச்சதை வாங்கிட்டுப் போவார். ஜோடிக்கு இவ்வளவுன்னு கூலி. அந்த ஷூ வெளிநாட்டில் என்ன விலைக்குப் போகுதுன்னு தைச்சவங்களுக்குத் தெரியாது. விரல் காய்ச்சுப் போகும், முதுகு வலிக்கும், கண்ணு எரியும். ஆனா ரேட்டை முடிவு பண்றது வேற யாரோ.

அந்த வேலையும் நம்ம கையில் இல்லை. 2020-ல் கொரோனா ஊரடங்கு வந்தப்போ ஆர்டர் நின்னுது, வேலையும் நின்னுது. 2025 ஆகஸ்டில் அமெரிக்கா நம்ம நாட்டுப் பொருளுக்கு வரியை 50 சதவீதமாக உயர்த்தினப்போ தோல் ஏற்றுமதி செய்யற ஊர் எல்லாம் கலங்கிப் போச்சு. எங்கேயோ எடுக்கிற முடிவு நம்ம வீட்டு அடுப்பு வரைக்கும் வருது.

அதனாலதான் சொந்தமா ஒரு தொழில் இருந்தா நல்லதுன்னு நாம நினைக்கிறோம். நினைக்கிறது சரிதான். ஆனா சொந்தத் தொழிலிலும் நம்ம உழைப்புக்குக் கணக்கு வைக்கலைன்னா, ஏஜெண்ட் கொடுத்த கூலியை விடக் குறைச்ச கூலியை நாமே நமக்குக் கொடுத்துக்குவோம். இதைப் பின்னாடி ஒரு கணக்காவே போட்டுக் காட்டறேன். முதல்ல தலைமையைப் பத்திப் பேசிடலாம்.

தலைவின்னா யாரு?

தமிழ்நாட்டில் 1989-ல் தர்மபுரி மாவட்டத்தில் பன்னாட்டு வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோட இந்தக் குழு முறை ஆரம்பிச்சது. 1997-98-ல் மகளிர் திட்டம்னு பேர் வச்சு மத்த மாவட்டங்களுக்கும் விரிஞ்சது. அன்னையிலிருந்து ஒரு நினைப்பு நம்ம கூடவே வருது: "படிச்சவங்கதான் ஊக்குநரா இருக்கணும். எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது, நான் எப்படி?"

மதுரை மாவட்டத்துச் சின்னப்பிள்ளை அம்மாவைப் பத்தி உங்களில் பல பேர் கேள்விப்பட்டிருப்பீங்க. பள்ளிக்கூடம் போகாதவங்க. விவசாயக் கூலி. நடவுக்கும் அறுப்புக்கும் பெண்களைக் கூட்டிக்கிட்டுப் போய், கூலி பேசி, கிடைச்சதைப் பங்கு பிரிச்சுக் கொடுத்தவங்க. அப்புறம் களஞ்சியம் குழுக்களில் சேர்ந்து, பல ஆயிரம் பெண்கள் இருக்கிற இயக்கத்துக்குத் தலைவியா ஆனாங்க. 2001-ல் டெல்லியில் ஸ்திரீ சக்தி விருது கொடுத்தப்போ அன்றைய பிரதமர் வாஜ்பாய் குனிஞ்சு அவங்க காலைத் தொட்டு வணங்கினார். 2019-ல் பத்மஸ்ரீ விருதும் கிடைச்சது.

அவங்க குழுவுக்கு வரும்போது கொண்டுவந்தது எது? பட்டம் இல்லை. வயலில் பழகின பழக்கம். பத்துப் பெண்களைச் சேர்த்து வேலை முடிக்கிறது, முதலாளிகிட்ட பயப்படாமப் பேசறது, வந்த கூலியை யாரும் குறை சொல்லாத மாதிரிப் பிரிக்கிறது. இந்த மூணும் இங்கே உட்கார்ந்திருக்கிற பாதிப் பேருக்கு ஏற்கனவே தெரியும். நடவு ஆள் கட்டறவங்களும், சீட்டு நடத்தறவங்களும், கல்யாண வீட்டுச் சமையலைப் பொறுப்பெடுத்துப் பார்க்கிறவங்களும் தலைவிங்கதான். எழுத்து வேலைக்கு வேற ஒரு தங்கச்சி இருக்கலாம். தலைமை வேற, எழுத்து வேற.

நல்ல ஊக்குநர் செய்ய வேண்டியது

முதல் வேலை, கூட்டத்தில் கணக்கைச் சத்தமாப் படிக்கணும். இன்னிக்கு வந்த சேமிப்பு எவ்வளவு, யாருக்கு உள்கடன், யார் தவணை கட்டினாங்க, யார் பாக்கி, கையிருப்பு என்ன, வங்கியில் என்ன இருக்குன்னு எல்லாத்தையும் படிக்கணும். எழுதப் படிக்கத் தெரியாத அக்காவுக்கும் காது இருக்கு. படிச்சு முடிச்சதும், பேசாமலே உட்கார்ந்திருக்கிற ஒருத்தரைப் பார்த்து, "அக்கா, இப்போ நம்ம வங்கி இருப்பு எவ்வளவு சொல்லுங்க"ன்னு கேளுங்க. அவங்க சரியாச் சொன்னா உங்க கூட்டம் நல்லா நடந்திருக்குன்னு அர்த்தம்.

ரெண்டாவது, ஊக்குநர் கடைசியாப் பேசணும். "நான் இப்படி நினைக்கிறேன், நீங்க என்ன சொல்றீங்க?"ன்னு ஆரம்பிச்சா எல்லோரும் தலையாட்டிட்டுப் போயிடுவாங்க. அப்புறம் வாசலில் நின்னு வேற பேசுவாங்க. முதல்ல அவங்களைப் பேச விடுங்க.

மூணாவது, ஒரு வேலை ஒருத்தருக்கு மட்டும் தெரிஞ்சதா இருக்கக் கூடாது. வங்கிக்குப் போறப்போ ஒவ்வொரு முறையும் புதுசா ஒரு உறுப்பினரைக் கூட்டிக்கிட்டுப் போங்க. மேனேஜர் முகம், செலான் எழுதறது, பாஸ்புக்கில் பதிவு போடறது எல்லாம் பழகட்டும். "சாமர்த்தியமான ஒருத்தர் இருந்தாப் போதாதா?"ன்னு கேட்பீங்க. அந்த ஒருத்தருக்கு உடம்பு சரியில்லைன்னா, கல்யாணம் ஆகி வேற ஊருக்குப் போயிட்டா, குழு என்ன ஆகும்? பொறுப்பைச் சுழற்சி முறையில் மாத்தணும்னு பயிற்சியில் சொல்றதே இதுக்காகத்தான்.

நாலாவது, தவணை கட்டாதவங்களை நடுக்கூட்டத்தில் நிறுத்தி வைக்காதீங்க. முதல் தவணை தவறின வாரமே ரெண்டு பேர் வீட்டுக்குப் போய் விசாரிங்க. முடியாம இருக்காங்களா, மனசு இல்லாம இருக்காங்களா? முடியாதவங்களுக்குக் குழு கூடித் தவணையைச் சின்னதாக்கித் தீர்மானம் போடலாம். மனசு இல்லாதவங்ககிட்ட எல்லோரும் சேர்ந்து பேசணும். ரெண்டையும் ஒண்ணா நினைச்சா நல்ல உறுப்பினரை இழந்துடுவோம்.

ஏழு பேர், எண்பது ரூபாய்

இனி தொழிலுக்கு வர்றேன். பெண்கள் கூடி நடத்தின தொழில் எப்படி நிலைச்சதுன்னு பார்க்கிறதுக்கு ஒரு நல்ல உதாரணம் மும்பையில் இருக்கு. உங்க ஊர்க் கடையிலேயே பார்த்திருப்பீங்க, லிஜ்ஜத் அப்பளம்.

1959 மார்ச் 15-ம் தேதி, மும்பை கிர்காம் பகுதியில் ஒரு குடியிருப்பு மொட்டை மாடியில் ஏழு பெண்கள் கூடினாங்க. 80 ரூபாய் கடன் வாங்கினாங்க. முதல் நாள் போட்டது நாலு பாக்கெட் அப்பளம். அதில் ஒருத்தரான ஜஸ்வந்திபென் போபட் அம்மாவுக்கு 2021-ல் பத்மஸ்ரீ விருது கிடைச்சது. இன்னிக்கு அந்த அமைப்பில் 40 ஆயிரத்துக்கும் மேல் பெண்கள் இருக்காங்க.

அவங்களுக்குக் கடன் கொடுத்த பெரியவர் சகன்லால் பாரேக் ஆரம்பத்திலேயே ரெண்டு விஷயம் சொன்னார். தரத்தைக் குறைக்காதீங்க, கணக்கை ஒழுங்கா வையுங்க. அவங்க முறையைப் பாருங்க. காலையில் மையத்துக்குப் போய்ப் பிசைஞ்ச மாவை எடை போட்டு வாங்கிக்கிறாங்க. வீட்டில் உட்கார்ந்து அப்பளம் இடறாங்க. மறுநாள் கொண்டுவந்து கொடுக்கிறாங்க. அங்கே தரம் பார்க்கிறாங்க, எடை போடறாங்க, கூலி கொடுக்கிறாங்க. எல்லோரும் பங்குதாரர். லாபத்திலும் பங்கு உண்டு.

கவனிச்சீங்களா? நம்ம ஆம்பூர் பக்கத்துப் பெண்ணும் வீட்டில் உட்கார்ந்துதான் வேலை செய்யறாங்க. லிஜ்ஜத் பெண்ணும் வீட்டில் உட்கார்ந்துதான் செய்யறாங்க. என்ன வித்தியாசம்? அங்கே ஏஜெண்ட் இல்லை. கணக்கு அவங்க கையில் இருக்கு. வேலை தனித்தனி, வாங்கறதும் விக்கறதும் பேரும் பொது. நமக்கும் பொருந்துற வழி இதுதான். 12 பேரும் ஒரே கொட்டகையில் உட்கார்ந்து ஒரே தொழில் செய்யணும்னு கட்டாயம் இல்லை. விருப்பம் உள்ள நாலைந்து பேர் செய்யட்டும். குழு அவங்களுக்குக் கடன் கொடுக்கட்டும், கணக்குக் கேட்கட்டும்.

ஒரு பர்ஸ் கணக்கு

இப்போ நான் சொன்ன கணக்கைப் போடலாம். நோட்டு இருக்கிறவங்க எழுதிக்குங்க. இது உதாரணத்துக்குத்தான், உங்க ஊர் விலையை நீங்க போட்டுப் பார்க்கணும்.

கம்பெனியில் மிஞ்சற தோல் துண்டை வாங்கிச் சின்ன பர்ஸ் தைக்கிறீங்கன்னு வச்சுக்குவோம். ஒரு பர்ஸுக்குத் தோல் 25 ரூபாய். ஜிப்பு, நூல், உள்துணி 20 ரூபாய். கரண்ட், மெஷின் தேய்மானம், பஸ் செலவு 10 ரூபாய். மொத்தம் 55. அதை 80 ரூபாய்க்கு வித்துட்டு, "25 ரூபாய் லாபம்"னு சந்தோஷப்படறோம்.

இப்போ கேளுங்க. ஒரு நாளைக்கு எத்தனை பர்ஸ் தைக்கலாம்? எட்டுன்னு வைங்க. எட்டு பெருக்கல் 25, இருநூறு ரூபாய். நாள் முழுக்க மெஷினில் உட்கார்ந்ததுக்கு இருநூறு. அது லாபம் இல்லை, உங்க கூலி. அதுவும் குறைஞ்ச கூலி. வெளி வேலைக்குப் போனா 400 ரூபாய் கிடைக்கும்னா, ஒவ்வொரு நாளும் 200 ரூபாய் நஷ்டத்துக்குத் தொழில் செய்யறீங்க.

சரியான கணக்கு இப்படி. பொருள் செலவு 55. கூலி 400-ஐ எட்டால் வகுத்தா 50. ஆக 105. கெட்டுப்போனது, விக்காமத் தங்கினது இதுக்கு 5 ரூபாய். 110. தொழில் வளர 10 ரூபாய். விலை 120.

"120 சொன்னா யாரும் வாங்க மாட்டாங்களே?" நல்ல கேள்வி. அப்போ மூணு வழி இருக்கு. ஒண்ணு, நாலு குழு சேர்ந்து தோலையும் ஜிப்பையும் மொத்தமா வாங்கிச் செலவைக் குறைக்கலாம். கூட்டமைப்பு இதுக்குத்தான் இருக்கு. ரெண்டு, ஒருத்தர் வெட்ட, ஒருத்தர் தைக்க, ஒருத்தர் ஜிப்பு வைக்கன்னு பிரிச்சுச் செஞ்சா எண்ணிக்கை கூடலாம். மூணு, 120 கொடுக்கிற சந்தையைத் தேடலாம். மகளிர் குழுக்களுக்காக மாவட்டத் தலைநகரங்களில் பூமாலை வணிக வளாகமும், சென்னை நுங்கம்பாக்கத்தில் அன்னை தெரசா மகளிர் வளாகமும் இருக்கு. இந்த மூணும் ஒத்து வரலைன்னா, அந்தப் பொருளை விட்டுட்டு வேற பொருள் பாருங்க. கணக்குப் போட்டுப் பார்த்து ஒரு தொழிலை ஆரம்பிக்காம விடறதும் புத்திசாலித்தனம்தான். போன கடன் மிச்சம்.

கடன் வாங்கறதும் கடனுக்கு விக்கறதும்

குழுக் கடனுக்கு ஈடு இல்லாமக் கொடுக்கிற உச்சவரம்பை 2021-ல் ரிசர்வ் வங்கி 10 லட்சத்திலிருந்து 20 லட்சமா உயர்த்துச்சு. கிடைக்குதுன்னு முழுசும் வாங்கணும்னு இல்லை. முதல்ல ஒரு மாசம் குழுவின் உள்கடனில் சின்னதாச் செஞ்சு பாருங்க. எது வித்தது, எது நின்னுது, யார் திரும்ப வந்து வாங்கினாங்கன்னு தெரிஞ்சுக்கிட்டு அப்புறம் வங்கிக்குப் போங்க.

கடனுக்கு விக்கறதில்தான் நிறையத் தொழில் மாட்டிக்குது. சொந்தக்காரங்க, பக்கத்து வீட்டுக்காரங்க, "அடுத்த வாரம் தர்றேன்"னு சொல்லுவாங்க. நம்ம வங்கித் தவணை அடுத்த வாரத்துக்குக் காத்திருக்காது. "குழுவில் கடனுக்குக் கொடுக்கக் கூடாதுன்னு தீர்மானம் போட்டிருக்காங்க"ன்னு சொல்லிடுங்க. தனியாளாச் சொன்னா மனஸ்தாபம். குழு பேரில் சொன்னா யாரும் கோவிச்சுக்க மாட்டாங்க.

வியாபாரப் பணமும் வீட்டுப் பணமும் ஒரே சுருக்குப் பையில் இருக்க வேண்டாம். வீட்டுக்கு எடுத்தா எடுத்ததை எழுதுங்க. கூலின்னு எழுதி எடுங்க. அது உங்க உரிமை. எழுதாம எடுத்தாத்தான் முதல் கரையும்.

அடுத்த கூட்டத்தில் செய்ய வேண்டியது

ஊருக்குப் போனதும் அடுத்த கூட்டத்தில் மூணு வேலை செய்யுங்க. கணக்கைச் சத்தமாப் படிச்சு, ஒரு உறுப்பினரைத் திரும்பச் சொல்லச் சொல்லுங்க. இதுவரைக்கும் வங்கிக்கே போகாத ரெண்டு பேரை அடுத்த மாசம் அனுப்பறதுன்னு தீர்மானப் புத்தகத்தில் எழுதுங்க. தொழில் செய்யற உறுப்பினர் ஒருத்தரோட பொருளை எடுத்து, கூலியையும் சேர்த்து விலைக் கணக்கை எல்லோரும் உட்கார்ந்து போடுங்க. அரை மணி நேரம் ஆகும்.

அந்தக் கணக்கைப் போடும்போது, இத்தனை வருஷமா தன் உழைப்புக்கு விலையே வைக்காத ஒரு அக்கா உங்க குழுவில் இருப்பாங்க. அவங்க பேசட்டும். நீங்க கடைசியாப் பேசுங்க.