தலைவலிக்காரரிடம் முதல் நாளே கேட்க வேண்டியவை

நரம்பியல் மருத்துவர்களும் மனநல மருத்துவர்களும் உளவியலாளர்களும் ஒரே அரங்கில் கூடுவது அரிது. எனவே தலைமையுரையை நீட்டாமல், நம்மிடையே ஊறிப்போன ஒரு வழக்கத்தை மட்டும் குறை சொல்லிவிட்டு அமர்கிறேன்.

மாதத்தில் 15 நாளோ அதற்கு மேலோ, 3 மாதத்துக்கும் கூடுதலாகத் தலை வலித்தால் அது நாள்பட்ட தலைவலி. அப்படி வருபவரைக் கண்ணுக்கு அனுப்புகிறோம், சைனஸுக்கு அனுப்புகிறோம், ஸ்கேன் எடுக்கிறோம். எதிலும் ஒன்றும் தெரியாவிட்டால் கடைசியாக உளவியலாளருக்குச் சீட்டு எழுதுகிறோம். திடீரென இடிபோல் இறங்கும் வலிக்கும் கழுத்து விறைப்புக்கும் ஸ்கேன்தான் முதலில். அதில் எனக்குத் தகராறு இல்லை. ஆனால் அந்தக் கடைசிச் சீட்டை வாங்குபவர், “நான் நடிக்கிறேன்னு நினைக்கிறாங்க” என்ற எண்ணத்தோடுதான் உளவியலாளர்களான எங்கள் அறைக்குள் நுழைகிறார். பிறகு எந்த வினாத்தாளை நீட்டி என்ன பயன்?

தலைவலிக்கு ஆளின் குணமே காரணம் என்ற சந்தேகத்துக்கு வயது அதிகம். 1937இல் அமெரிக்க நரம்பியலாளர் ஹரால்டு உல்ஃப், ஒற்றைத் தலைவலிக்காரர் என்றால் எதிலும் திருத்தம் பார்ப்பவர், பேராவல் கொண்டவர், இறுக்கமானவர் என்று எழுதினார். உல்ஃபுக்கும் ஒற்றைத் தலைவலி உண்டு. தன்னையே பார்த்து எழுதினாரோ என்னவோ! அந்தக் குணச்சித்திரம் பிற்கால ஆய்வுகளில் நிற்கவில்லை. மின்னசோட்டா ஆளுமைச் சோதனையிலும் இதே கோளாறு. உடல் உபாதைகளைப் பற்றிக் கேட்டால், பல ஆண்டு வலியோடு வாழ்பவர் “ஆம்” என்றுதான் சொல்வார். வலியின் விளைவை அதன் காரணமாகப் படித்துவிடுகிறோம்.

மனச்சோர்வை அளக்கும் பிஎச்கியூ-9 வினாத்தாளையும் கண்ணை மூடிக்கொண்டு கூட்டக் கூடாது. தூக்கம், அசதி, பசி, கவனம் ஆகிய நான்கையும் தலைவலியே கெடுக்கும். அந்த நான்கு வினாக்களில் மட்டுமே 12 மதிப்பெண் வரை ஏறலாம்; மனச்சோர்வைச் சந்தேகிக்க நாம் வைத்திருக்கும் கோடோ 10. ஒவ்வொரு வினாவையும் தனித்தனியே பார்க்க வேண்டும். சாக வேண்டும் என்ற எண்ணம் பற்றிய ஒன்பதாவது வினாவை மட்டும் ஒருபோதும் தாண்டிப் போகக் கூடாது.

என்னைக் கேட்டால், தலைவலிக் குறிப்பேடுதான் முதல் கருவி. எந்த நாள் வலித்தது, முந்தைய இரவு தூங்கினாரா, எத்தனை மாத்திரை போட்டார்? “நாளைக்குக் கல்யாண வீடு, இன்றைக்கே ஒன்று போட்டுவைப்போம்” என்று மெடிக்கலில் வாங்கி விழுங்கும் பழக்கம் நம் ஊரில் சாதாரணம். பாராசிட்டமால் மாதத்தில் 15 நாள், ஒற்றைத் தலைவலிக்குத் தரும் டிரிப்டானோ கலவை மாத்திரையோ 10 நாள் என்று மாதக்கணக்கில் தொடர்ந்தால், மாத்திரையே தலைவலியை வளர்க்கும். வலிக்கும் முன்பே விழுங்க வைப்பது அச்சம். அந்த அச்சத்தை ஸ்கேன் காட்டாது. பேசித்தான் அறிய வேண்டும்.

இரண்டு நாள் அமர்வுகள் முடிந்து தீர்மானம் எழுதும்போது என் வேண்டுகோள் ஒன்றைச் சேருங்கள்: தூக்கம், மாத்திரை, அச்சம், மனச்சோர்வு பற்றிய வினாக்கள் புறநோயாளிப் பிரிவின் முதல் நாள் படிவத்திலேயே இடம்பெறட்டும்.