காலுக்கு அணி, நாவுக்குத் தளையா?



தமிழவையில் செருப்பைப் பற்றிப் பேசுவதா என்று சிலர் முகஞ்சுளிக்கலாம். காலிற் கிடப்பதென்று இகழ வேண்டா. ஒரு மொழியின் உயிர் பாவலர் ஏட்டில் மட்டும் இல்லை, கடைத்தெருவிலும் இருக்கிறது. ஏட்டில் வாழ்ந்து கடையிற் சாகும் மொழி நெடுநாள் நிலைப்பதில்லை.

ஒரு காட்சியை எண்ணிப் பாருங்கள். பள்ளி திறக்கும் நாள் நெருங்குகிறது. உழவர் ஒருவர் தம் மகளுடன் நகரத்துக் காலணிக் கடைக்குள் நுழைகிறார். "என்ன சைசு?" என்கிறார் கடைக்காரர். உழவர் விழிக்கிறார். "இலேசு வைத்ததா? ஈல் வேண்டுமா, பிளாட்டா?" மறுமொழி இல்லை. மகள் ஓர் இணையைப் போட்டுப் பார்க்கிறாள். "பிட்டிங் எப்படி? டைட்டா, லூசா?" அவளுக்குச் சுண்டுவிரலோரம் கடிக்கிறது. 'கடிக்கிறது' என்னும் நல்ல தமிழ்ச்சொல் நாவின் நுனியில் நிற்கிறது. அதைச் சொன்னால் நாட்டுப்புறத்தாள் என்று நகைப்பார்களோ என அஞ்சி, சரியென்று தலையாட்டிவிடுகிறாள். காசு கொடுத்து வாங்கிய புண்ணோடு ஓராண்டு பள்ளிக்கு நடக்கிறாள். அவளைக் கடித்தது செருப்பு மட்டுமா? கூச்சமும் அன்றோ கடித்தது! விற்றவரும் தமிழர், வாங்கியவரும் தமிழர், இடையில் நின்று வாயடைத்தது அயன்மொழி.

அந்த ஆங்கிலச் சொற்கள் தம் பிறந்த வீட்டில் எப்படி வாழ்கின்றன என்று காண்போர் வியப்பர். காலணியின் வாருக்குக் கீழே மடிந்து கிடக்கும் தோலை ஆங்கிலேயன் 'நாக்கு' என்றே அழைக்கிறான். பின்புறக் கட்டைக்கு அவன் இட்ட பெயர் 'குதிகால்'. மேலே மூடும் தோல் அவனுக்கு 'மேலது'. வார் நுழையும் துளையின் பெயரில் 'கண்' இருக்கிறது. எளிதில் நழுவிக் காலில் ஏறுவது 'சிலிப்பர்'. நழுவுதல் என்பதே அதன் வேர். இலண்டனில் ஐந்தாண்டுப் பிள்ளைக்கும் இவை வீட்டுச் சொற்கள். அதே சொற்கள் தமிழ்ப்பிள்ளையின் காதில் பொருளற்ற ஒலிகளாக விழுகின்றன. அங்கே விளக்காக இருப்பது இங்கே திரையாகிவிடுகிறது.

ஆங்கிலம் கடன் வாங்கவில்லையா என்று கேட்கலாம். வாங்கியது. 'சூ' என்பது அதன் பழஞ்சொல். 'பூட்சு' பழம்பிரெஞ்சுச் சொல்லின் வழிவந்தது. 'சேண்டல்' கிரேக்கத்திலிருந்து இலத்தீன் வழியாக வந்தது. 'புரோகு' அயர்லாந்தாரின் சொல். 'மொக்காசின்' வட அமெரிக்கப் பழங்குடியினர் சொல். புதுவகைக் காலணி வந்தபோது அதனோடு பெயரும் வந்தது. ஆயினும் தன் குதிகாலையும் நாக்கையும் ஆங்கிலேயன் அயலானிடம் விற்றுவிடவில்லை.

'சைசு' என்பதன் வரலாறு இன்னும் சுவையானது. மன்றம் அமர்ந்து முறை வகுத்தலைக் குறித்த பிரெஞ்சுச் சொல்லின் குறுக்கம் அது. ஆங்கிலேயர் காலணிக்கு வகுத்த அளவோ ஒரு வாற்கோதுமை மணியின் நீளம். அதாவது ஓர் அங்குலத்தில் மூன்றில் ஒரு பங்கு. கால்வடிவக் கட்டையில் 4 அங்குலத்தைச் சுழியாகக் கொண்டு, மணிமணியாகக் கூட்டிச் சிறுவர்க்கு 13 வரை எண்ணுவர். பின்னர்ப் பெரியவர்க்கு மீண்டும் 1 என்று தொடங்குவர். அதனாலேதான் 13ஆம் எண் அணிந்த பிள்ளை, வளர்ந்தபின் 1ஆம் எண்ணுக்கு வருகிறான். ஐரோப்பியர் எண்ணோ வேறு; அதில் ஒரு படி, ஒரு செண்டிமீட்டரில் மூன்றில் இரு பங்கு. உழவர் விழித்ததில் வியப்பென்ன? அவர் அறிவிலி அல்லர். எவரும் அவருக்கு இதைத் தமிழில் விளக்கவில்லை.

தமிழில் சொல் இல்லையா? புறநானூற்றின் 257ஆம் பாட்டிலேயே 'செருப்பு' இருக்கிறது. அகநானூற்றில் 'தொடுதோல்' இருக்கிறது. பெரும்பாணாற்றுப்படை 'அடிபுதை அரணம்' என்று காலை மூடும் காலணியைக் கூறுகிறது. ஆயனின் வலிய அடியில் தொடுதோல் அழுந்திய வடுவையும் காட்டுகிறது. செருப்புக் கடித்த தழும்பைப் பாட்டில் வைத்த மொழி, கடையில் ஒரு சிறுமியின் வலியைச் சொல்லமாட்டாதா? அளவு, இணை, வார், அடித்தோல், குதி, இறுக்கம், தளர்வு ஆகிய இத்தனையும் புதிதாக ஆக்க வேண்டியவை அல்ல. வாயில் வைத்துக்கொண்டே விழுங்கிவிட்ட சொற்கள்.

ஆம்பூரிலும் இராணிப்பேட்டையிலும் தமிழர் தைக்கும் காலணிகள் கடல் கடந்து செல்கின்றன. சென்னையிலுள்ள நடுவண் தோல் ஆய்வு நிறுவனம், இந்திய மக்களுக்கென்றே தனியளவு வகுக்க 2021-22இல் நாடெங்கும் மக்களின் கால்களை அளந்தது. அயலார் காலுக்கு வகுத்த அளவு இந்நாட்டார் காலுக்குப் பொருந்தாது என்று ஆய்வாளரே உணர்ந்தனர். காலுக்குப் பொருந்தும் இவ்வுண்மை நாவுக்குப் பொருந்தாதோ?

ஆங்கிலம் கற்க வேண்டா என்பதன்று இவ்வுரை. இலண்டன் கடைக்குச் செல்பவர் அங்குள்ள சொற்களைப் பிழையறக் கற்றுச் செல்க. அங்கே ஆங்கிலம் கருவி. தமிழ்நாட்டுக் கடையில் தமிழரிடம் தமிழர் அதைப் பேசுவது ஒப்பனை. அவ்வொப்பனைக்கு விலை கொடுப்பவள் அந்தச் சிறுமி.

கடை வைத்திருக்கும் அன்பர்களே! "அளவு என்ன, அம்மா? எங்கேனும் கடிக்கிறதா?" என்று கேட்டுப் பாருங்கள். வாங்குபவர் வாய்திறப்பார். பெற்றோரே! "கடிக்கிறது" என்று உரக்கச் சொல்லப் பிள்ளைகளைப் பழக்குங்கள். செருப்புக்காகக் காலைச் செதுக்குவார் இல்லை. கடைக்காக நாவைச் செதுக்குவதும் வேண்டா.

வாழ்க தமிழ்!