முன்விளக்கின் பல்பை வீட்டிலேயே மாற்றுதல்



மோட்டார் வண்டியில் பழுதாகக்கூடிய பொருள்கள் பல. அவற்றுள் சிறியதும் விலை குறைந்ததுமான ஒன்று முன்விளக்கின் பல்பு ஆகும். சிறியது என்பதனாலேயே நாம் அதனை அசட்டை செய்கிறோம். "ஒரு விளக்குத்தான் எரிகிறதே, ஞாயிற்றுக்கிழமை பார்த்துக்கொள்ளலாம்" என்று தள்ளிப் போடுகிறோம். அந்த ஞாயிற்றுக்கிழமை வருவதற்குள் எத்தனை இரவுகள் ஒற்றை விளக்கோடு ஓட்டிவிட்டோம் என்பதை எண்ணிப் பார்ப்பதில்லை. இப்பல்பைப் பெரும்பாலான கார்களில் வீட்டு வாசலிலேயே கால் மணி நேரத்தில் மாற்றிவிடலாம். அதன் முறையையும், அதனைத் தாமதமின்றிச் செய்யவேண்டிய காரணத்தையும் இன்று சொல்ல விரும்புகிறேன்.

முதலில் காரணத்தைப் பார்ப்போம். கல்யாண் நகரிலிருந்து முர்பாட் வழியாக மால்ஷேஜ் கணவாய்க்கு ஏறிச் செல்லும் சாலையைப் பம்பாய்ப் பக்கத்துத் தமிழர் பலரும் அறிவர். மழைக்காலத்தில் அங்கே மேகம் சாலையின் மீதே இறங்கி நிற்கும். நாசிக் செல்லும் வழியிலுள்ள கசாரா கணவாயிலும் இதே நிலைதான். அத்தகைய இடத்தில் எதிரே வருபவருக்கு நம் வண்டியின் உருவம் தெரியாது. விளக்கு மட்டுமே தெரியும். இரண்டு விளக்குகள் தெரிந்தால் காரோ லாரியோ வருகிறது என்றும், ஒன்று தெரிந்தால் மோட்டார் சைக்கிள் வருகிறது என்றும் அவர் கணக்கிடுகிறார். அந்தக் கணக்கை வைத்தே தம் வண்டியைச் செலுத்துகிறார்.

நம் நாட்டில் சாலையின் இடப்புறமாக ஓட்டுகிறோம். நம் காரின் வலப்புற விளக்கு அணைந்துபோயிருந்தால் என்ன நேரும்? எதிரே வருபவர் இடப்புற விளக்கை மட்டும் காண்கிறார். யாரோ ஒருவர் மோட்டார் சைக்கிளில் ஓரமாக வருகிறார், நடுவில் இடம் இருக்கிறது என்று நம்பி முன்னேறுகிறார். அவர் காலியிடம் என்று நினைத்த அதே இடத்தில்தான் நம் காரின் வலப்பாதி, ஓட்டுபவரின் இருக்கையோடு, இருளில் வந்துகொண்டிருக்கிறது. ஆகவே முன்விளக்கு நாம் சாலையைக் காண்பதற்கு மட்டும் ஏற்பட்டதன்று. நம் வண்டியின் அகலம் இவ்வளவு என்று எதிரே வருபவருக்கு அறிவிக்கும் கடமையும் அதற்கு உண்டு.

இனி, பல்பின் தன்மையைச் சிறிது அறிந்துகொள்வோம். இன்று ஓடும் கார்களில் பலவற்றில் ஹாலஜன் வகைப் பல்புகளே உள்ளன. இவ்வகைப் பல்புக்கு 1959ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனத்தார் காப்புரிமை பெற்றனர். 1962இல் ஐரோப்பாவில் இது மோட்டார் வண்டிகளுக்கு வந்தது. பிரகாச ஒளிக்கு ஓர் இழையும் தாழ்ந்த ஒளிக்கு ஓர் இழையுமாக ஒரே கூட்டில் இரண்டு இழைகள் கொண்ட எச்-4 என்னும் பல்பு 1971இல் தோன்றியது. நம் நாட்டுக் கார்களில் மிகுதியாகக் காணப்படுவது இதுவே.

சாதாரணப் பல்பில் டங்ஸ்டன் இழை சூடேறும்போது சிறிது சிறிதாக ஆவியாகிக் கண்ணாடியில் கரியாகப் படியும். ஹாலஜன் பல்பில் அடைத்துள்ள வாயு அந்த டங்ஸ்டனைப் பற்றிக்கொண்டு மீண்டும் இழைக்கே கொண்டுவந்து சேர்க்கிறது. இந்தச் சுழற்சி நடைபெற வேண்டுமானால் கூட்டின் சூடு ஏறத்தாழ 250 டிகிரி சென்டிகிரேடுக்குக் குறையாதிருக்க வேண்டும். அதனால்தான் பல்பைச் சிறியதாகவும், அதன் கூட்டைச் சூடு தாங்கும் குவார்ட்ஸ் கண்ணாடியாலும் செய்கிறார்கள். இதனை நினைவில் வைத்துக்கொண்டால், பின்னால் சொல்லப்போகும் எச்சரிக்கை எளிதில் விளங்கும்.

வேலையைத் தொடங்குவோம். இரண்டு முன்விளக்குகளும் ஒரே சமயத்தில் அணைந்துவிட்டால், பல்பைச் சந்தேகிக்கும் முன் ஃப்யூஸையும் ரிலேயையும் சோதிக்க வேண்டும். ஒன்று மட்டும் அணைந்திருந்தால் பெரும்பாலும் பல்பே காரணம். வண்டியோடு வந்த கையேட்டில் பல்பின் வகையும் வாட் அளவும் குறிக்கப்பட்டிருக்கும். கடைக்குப் போகும்போது அந்த எண்ணைச் சொல்லிக் கேளுங்கள். முடிந்தால் இரண்டு பல்புகளாக வாங்குங்கள். ஒரே நாளில் பொருத்திய இரண்டும் ஏறக்குறைய ஒரே காலம்தான் உழைக்கும். ஒன்று போனால் மற்றதும் அதிக நாள் தாங்காது.

வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, என்ஜினை அணைத்து, சாவியை எடுத்துவிடுங்கள். விளக்கு எரிந்துகொண்டிருந்தது என்றால் அது நன்றாக ஆறும் வரை காத்திருங்கள். பிறகு பேனட்டைத் திறந்து முன்விளக்கின் பின்புறத்தைப் பாருங்கள். மூன்று தகடுகளில் செருகிய ஒரு கனெக்டர் இருக்கும். வயரைப் பிடித்து இழுக்காமல் கனெக்டரையே பற்றி நேராகப் பின்னுக்கு இழுக்க வேண்டும். அடுத்து ஒரு ரப்பர் மூடி. அதன் காதைப் பிடித்துக் கழற்றலாம். அதன் அடியில் பல்பை அழுத்திப் பிடித்திருக்கும் கம்பி ஸ்பிரிங் ஒன்று தெரியும். அதனை உள்ளே சற்று அழுத்திப் பக்கவாட்டில் நகர்த்தினால் விடுபடும். இப்போது பழைய பல்பு கையோடு வந்துவிடும். வெளிச்சத்தில் பார்த்தால், அறுந்த இழையோ கறுத்த கண்ணாடியோ உண்மையைச் சொல்லிவிடும்.

புதிய பல்பை எடுக்கும்போது அதன் உலோக அடியை மட்டுமே பிடியுங்கள். கண்ணாடியை விரலால் தொடக்கூடாது. நம் விரலில் எண்ணெய்ப் பசையும் வியர்வையின் உப்பும் உண்டு. அவை படிந்த இடத்தில், மேலே சொன்ன கடும் சூட்டில், குவார்ட்ஸ் தன் தெளிவையும் வலிவையும் இழக்கிறது. பல்பு விரைவில் கெடுகிறது. சில வேளைகளில் வெடிக்கவும் கூடும். தவறிக் கை பட்டுவிட்டால், சுத்தமான துணியில் ஸ்பிரிட் நனைத்துத் துடைத்து, உலர்ந்த பின் பொருத்துங்கள். உள்ளே வாயு அழுத்தத்தோடு அடைக்கப்பட்டிருப்பதால், கண்ணுக்குக் கண்ணாடி அணிந்து வேலை செய்வது நல்லது.

பல்பின் வட்டத் தகட்டில் மூன்று காதுகள் உள்ளன. ஒன்று அகலமானது, அது மேற்புறம் வரும். சரியான நிலையில் மட்டுமே பல்பு அமரும்படி இவ்வாறு செய்திருக்கிறார்கள். தாழ்ந்த ஒளி தரும் இழைக்கு அடியில் ஒரு சிறு உலோகக் கிண்ணம் இருக்கிறது. அது கீழ்நோக்கிச் செல்லும் ஒளியைத் தடுப்பதால், பிரதிபலிக்கும் கூட்டின் மேற்பாதியில் மட்டும் ஒளி பட்டுச் சாலையை நோக்கித் தாழ்ந்து விழுகிறது. பல்பு கோணலாக அமர்ந்தால் அந்த ஏற்பாடு முழுவதும் கெட்டு, ஒளி நேரே எதிரே வருபவரின் கண்ணில் பாயும். ஆகையால் வற்புறுத்தித் திணிக்காதீர்கள். இயல்பாக அமர்ந்ததும் ஸ்பிரிங்கை மாட்டுங்கள்.

ரப்பர் மூடியில் மேற்புறம் எது என்ற குறி பெரும்பாலும் இருக்கும். அதன்படி, இடைவெளி இல்லாமல் மூடுங்கள். கொங்கண மழையில் சரியாக மூடாத விளக்கினுள் ஈரம் புகுந்து, பிரதிபலிக்கும் பூச்சை மங்கச் செய்துவிடும். கனெக்டர் பழுப்பேறியோ உருகியோ இருந்தால் அதனையும் மாற்றிவிட வேண்டும். இல்லையேல் புதிய பல்பும் நெடுநாள் எரியாது.

முடிந்ததும் சுவரில் சோதனை செய்யுங்கள். ஒரு சுவரை நேர் எதிராகப் பார்த்தவாறு, 5 மீட்டர் தள்ளி வண்டியை நிறுத்தித் தாழ்ந்த ஒளியைப் போடுங்கள். சுவரில் ஒளியின் மேல்விளிம்பு விளக்கின் உயரத்தைவிடச் சுமார் 5 சென்டிமீட்டர் கீழே இருக்கவேண்டும். இரண்டு விளக்குகளின் விளிம்பும் ஒரே மட்டத்தில் இருப்பதே அழகு. புதியது மட்டும் உயர்ந்து நின்றால் பல்பு சரியாக அமரவில்லை என்று பொருள். கழற்றி மறுபடியும் பொருத்துங்கள்.

இவ்விடத்தில் ஓர் ஆசையைப் பற்றிச் சொல்லவேண்டும். எச்-4 பல்பின் முறையான அளவு பிரகாச ஒளிக்கு 60 வாட், தாழ்ந்த ஒளிக்கு 55 வாட். கடைகளில் 100 வாட், 90 வாட் பல்புகளும் கிடைக்கின்றன. "பாதை பகல்போல் தெரியும்" என்று சொல்லி விற்கிறார்கள். அம்மின்சாரத்தை நம் வண்டியின் வயர்கள் தாங்கும்படி அமைக்கப்படவில்லை. வயரும் கனெக்டரும் சூடேறி உருகும். ஹாலஜனுக்காகச் செய்த விளக்குக் கூட்டில் எல்.இ.டி. பல்பைச் செருகினாலும், ஒளி பிறக்கும் இடம் மாறுவதால் அது சிதறி எதிராளியின் கண்ணைக் கூசச் செய்கிறது. 1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 106ஆவது விதி, முன்விளக்கின் ஒளி எதிரே உள்ளவரின் கண்ணைக் கூசச் செய்யாதபடி தாழ்ந்திருக்க வேண்டும், அல்லது ஓட்டுபவர் தாழ்த்தக்கூடியதாக இருக்க வேண்டும் என்கிறது.

வீட்டில் செய்யக்கூடாத வேலையும் உண்டு. செனான் வகை விளக்கில், ஏற்றும் நொடியில் 20,000 வோல்ட்டுக்கும் மேல் மின்னழுத்தம் எழும், அதனைத் தொடாதீர்கள். தொழிற்சாலையிலேயே எல்.இ.டி. பொருத்தி மூடப்பட்ட விளக்குகளில் மாற்றுவதற்குத் தனிப் பல்பு கிடையாது. சில கார்களில் பேட்டரியையோ முன் பம்பரையோ கழற்றினாலன்றிக் கை நுழையாது. இவற்றையெல்லாம் தேர்ந்த மெக்கானிக்கிடம் விட்டுவிடுவதே அறிவுடைமை.

கல்யாண், டோம்பிவிலி வட்டாரத்துத் தமிழ்க் குடும்பங்களில் சொந்தக் காரில் ஊருக்குப் புறப்படுவோர் உண்டு. புனே, கோலாப்பூர், ஹுப்பள்ளி, பெங்களூரு, ஓசூர் என்று நீளும் அந்த நெடும்பாதையில் ஓர் இரவேனும் சாலையில் கழியும். லாரிகளின் பின்புறத்தில் இரவில் டிப்பர் பயன்படுத்துங்கள் என்று எழுதியிருப்பதை வழியெல்லாம் காணலாம். தமிழ்நாட்டில் டிம் அடிப்பது என்று நாம் சொல்வதும் அதுவே. எந்த மொழியில் சொன்னாலும் பொருள் ஒன்றுதான்: எதிரே வருபவனும் வீடு போய்ச் சேரவேண்டியவன்.

அத்தகைய பயணத்துக்கு முந்தின நாள் மாலையில் ஒரு தடவை வண்டியின் முன்னால் நின்று, இரண்டு விளக்குகளும் இரண்டு வகை ஒளியிலும் எரிகின்றனவா என்று பாருங்கள். மாற்றுப் பல்பு ஒன்றை அட்டைப் பெட்டியோடு வண்டியிலேயே வைத்திருங்கள். வீட்டில் ஒரு முறை மாற்றிப் பழகிய கை, கணவாயின் நடுவே டார்ச் வெளிச்சத்தில் தடுமாறாது.