முதியோர் பென்ஷனும் சபையின் கடமையும்

(சாலையில் நடந்த நமது சங்கத்தின் மாதக் கூட்டத்தில் ஆற்றிய உரை)

 

இந்தக் கூட்டத்துக்கு வரும் வழியில் ஒரு பெரியவரைச் சந்தித்தேன். நாகர்கோவில் பக்கத்திலிருந்து சிறு வயதிலேயே இங்கு வந்து, நாற்பது ஆண்டுகள் இந்தக் கடைத்தெருவில் கைவண்டி இழுத்தவர். எந்த வாரியத்திலும் பெயர் பதியாதவர். “பென்ஷன் ஒழுங்காக வருகிறதா அண்ணாச்சி?” என்று கேட்டேன். “சர்க்கார் மனசு வச்சுப் போட்டா உண்டு தம்பி. போடலைன்னா நாம யாருகிட்ட போய்க் கேக்க?” என்றார்.

தோழர்களே, யாரிடம் போய்க் கேட்பது? அதைப் பற்றித்தான் இன்று பேச வந்திருக்கிறேன்.

முதலில் ஒன்றைத் தெளிவாகப் புரிந்துகொள்ள வேண்டும். பென்ஷன் எந்த மந்திரியின் மடியிலிருந்தும் வருவதல்ல. 1980இல் நாயனார் மந்திரிசபை விவசாயத் தொழிலாளருக்கு மாதம் 45 ரூபாய் பென்ஷன் கொடுத்தது. 2021 ஏப்ரலில் நலப் பென்ஷன் 1,600 ரூபாயாயிற்று. 2025 நவம்பரிலிருந்து 2,000 ஆயிற்று. ஏறத்தாழ 62 லட்சம் பேர் வாங்குகிறார்கள். இதற்கான பணத்தை ஒதுக்கச் சட்டசபை அனுமதிக்க வேண்டும். அனுமதி கொடுக்கும் சபைக்கு, அந்தப் பணம் போய்ச் சேர்ந்ததா என்று கேட்கும் கடமையும் உண்டு.

அப்படிக் கேட்டால் பலன் உண்டா? உண்டு. 2023-24இல் பென்ஷன் மாதக் கணக்கில் பாக்கி விழுந்ததை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். கடையில் கடன் சொன்னவர்களுக்கும், கடன் கொடுத்த கடைக்காரர்களுக்கும் அது நன்றாகவே தெரியும். எதிர்க்கட்சி இதைச் சபையில் ஒத்திவைப்புத் தீர்மானமாக எழுப்பியது. 2024 ஜூலையில் முதலமைச்சர் பினராயி விஜயன் சபையிலேயே அறிக்கை வைத்தார். ஐந்து தவணை பாக்கி இருக்கிறது, இரண்டை 2024-25லும் மூன்றை 2025-26லும் கொடுப்போம் என்றார். சபைக் குறிப்பில் ஏறிவிட்ட வாக்கு அது. 2025 நவம்பரில் புதிய 2,000 ரூபாயோடு கடைசிப் பாக்கி 1,600ஐயும் சேர்த்து 3,600 ரூபாய் கைக்கு வந்தது. கேட்க ஆள் இருந்ததால் தேதி சொல்ல வேண்டியதாயிற்று. தேதி சொன்னதால் கொடுக்க வேண்டியதாயிற்று.

ஆனால் கேட்கும் முறையிலும் ஓட்டைகள் இருக்கின்றன. துறைவாரியாக மானியக் கோரிக்கைகளை ஆராயும் ‘சப்ஜெக்ட் கமிட்டி’களை இந்தியாவிலேயே முதலில் அமைத்தது கேரளச் சட்டசபை, ஆண்டு 1980. டில்லிப் பாராளுமன்றத்தில் இப்படிப்பட்ட நிலைக்குழுக்கள் முழுமையாக வந்தது 1993இல்தான். இதில் நாம் பெருமைப்படலாம். ஆனால் இங்கே அந்தத் துறையின் மந்திரியே கமிட்டிக்குத் தலைவர்! கணக்குச் சொல்ல வேண்டியவரே கணக்குக் கேட்கும் நாற்காலியில் உட்கார்ந்தால், கேள்வி எவ்வளவு தூரம் போகும்?

டில்லியில் மந்திரி நிலைக்குழுவில் உறுப்பினராகவே இருக்க முடியாது. அது நல்ல ஏற்பாடு. ஆனால் குழுவின் சிபாரிசு அரசாங்கத்தைக் கட்டுப்படுத்தாது. அதன் விளைவைப் பாருங்கள். மத்திய அரசின் முதியோர் பென்ஷன் 1995 ஆகஸ்ட் 15 அன்று 75 ரூபாயில் தொடங்கியது. 2006இல் 200 ஆயிற்று. 2011இல் எண்பது வயது கடந்தவர்களுக்கு மட்டும் 500 ஆக்கினார்கள். மற்றவர்களுக்கு 2025-26 பட்ஜெட்டிலும் அதே 200தான்! இரண்டு பேர் இந்தத் தெருவில் ஒரு வேளை சாப்பிட்டால் தீர்ந்துபோகிற பணம். அதுவும் கேரளத்தில் ஏழு லட்சத்துக்கும் குறைவானவர்களுக்குத்தான்.

பாராளுமன்றம் இதைக் கவனிக்கவில்லையா? கவனித்தது. ஊரக வளர்ச்சி நிலைக்குழு, கனிமொழி தலைவராக இருந்தபோதும், அவருக்குப் பின் சப்தகிரி உலகா தலைவரானபோதும், தொகையை உயர்த்துங்கள் என்று எழுதிக்கொடுத்தது. இரண்டிலும் ஆளுங்கட்சி உறுப்பினர்களும் உண்டு. ஆனாலும் 2024-25இல் ஒதுக்கிய 9,652 கோடியே 2025-26லும் ஒதுக்கப்பட்டது.

இன்னொன்று. 2024 நவம்பரில் கேரளத்தில் 1,458 அரசு ஊழியர்கள் இந்த ஏழைகளின் பென்ஷனை வாங்கியது வெளிவந்தது. தணிக்கை அறிக்கை முன்பே எச்சரித்திருந்தது. எச்சரித்த உடனே சபை துருவியிருந்தால் அது எப்போதோ நின்றிருக்கும். சம்பளக்காரர் சத்தமில்லாமல் வாங்கிக்கொண்டிருக்க, மூட்டை சுமந்து ரேகை தேய்ந்த விரலை வைத்துக்கொண்டு நம் கிழவர்கள் ‘மஸ்டரிங்’ வரிசையில் நிற்கிறார்கள். சோதனை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அது மேலிருந்து தொடங்கட்டும் என்கிறேன்.

நாம் என்ன செய்ய வேண்டும்? ஒன்று, நம் தெருவில் அறுபது கடந்து, தகுதி இருந்தும் பென்ஷன் கிடைக்காதவர்கள் யார், மஸ்டரிங்கில் விடுபட்டவர்கள் யார் என்று சங்கம் வீடு வீடாகப் பட்டியல் எடுக்க வேண்டும். இரண்டு, அந்தப் பட்டியலோடு மனு எழுத வேண்டும். மலையாளம் எழுத வராதே என்று தயங்க வேண்டாம். செயலகத்துக்குத் தமிழிலேயே எழுதும் உரிமையை 1969ஆம் ஆண்டு ஆட்சிமொழிச் சட்டம் நமக்குத் தந்திருக்கிறது. சட்டசபையில் மனுக்களுக்கென்றே ஒரு குழுவும் இருக்கிறது. மூன்று, சட்டசபை உறுப்பினரும் பாராளுமன்ற உறுப்பினரும் ஓட்டுக் கேட்டு வரும்போது, “எங்கள் பென்ஷனைப் பற்றிச் சபையில் எத்தனை கேள்வி கேட்டீர்கள்?” என்று கேளுங்கள். நாம் பிழைக்க வந்தவர்கள்தான். ஆனால் இங்கே ஓட்டு உள்ளவர்கள், வரி கொடுப்பவர்கள்.

கிழக்கேகோட்டையில் பஸ் ஏறினால் சட்டசபை இருக்கும் பாளையம் வெகு தூரமில்லை. திரும்பிப் போகும்போது அந்த அண்ணாச்சியைப் பார்த்து இதைத்தான் சொல்லப்போகிறேன். பட்டியலில் முதல் பெயராக அவர் பெயரை எழுத அனுமதியும் கேட்கப்போகிறேன்.