முதுகுவலிக்கு எந்த மெத்தை நல்லது?



பால்மரம் சீவியும் செம்பனைக் குலை சுமந்தும் முதுகுவலி கண்டவர்கள் ஜாசினிலும் அலோர்காஜாவிலும் பலர் உண்டு. "மெத்தை கெட்டியாக இருந்தால்தான் முதுகுக்கு நல்லது" என்பார்கள். ஆனால், நாள்பட்ட இடுப்புவலி உள்ள 313 பேரிடம் ஸ்பெயினில் நடந்து, 2003இல் வெளிவந்த ஆய்வு வேறு விதமாகச் சொல்கிறது. 90 நாள்களுக்குப் பின், மிகக் கெட்டியான மெத்தையைவிட நடுத்தரக் கெட்டியான மெத்தையே அதிகப் பலன் தந்தது.

வாங்குமுன் கடையிலேயே 10 நிமிடம் படுத்துப் பாருங்கள். ஒருக்களித்துப் படுத்தால் தோளும் இடுப்பும் சற்று அமுங்கி, முதுகெலும்பு நேராக இருக்க வேண்டும். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தால் பாதம் முழுவதும் தரையில் பதிய வேண்டும். முட்டிவலி உள்ளவர்களுக்கு மிகத் தாழ்ந்த கட்டில் ஆகாது, எழுந்திருக்கச் சிரமம்.

புது மெத்தை வாங்க வசதியில்லையா? ஒருக்களித்துப் படுக்கும்போது முட்டிகளுக்கு நடுவிலும், மல்லாந்து படுக்கும்போது முட்டிகளுக்கு அடியிலும் ஒரு தலையணை வையுங்கள்.

இனிப்புநீரையும் இரத்த அழுத்தத்தையும் போக்கும் மெத்தை என்று யாராவது விற்க வந்தால், தவணைக்குக் கையெழுத்துப் போடாதீர்கள். எந்த மெத்தையும் அந்நோய்களைக் குணப்படுத்தாது. மருந்தை நிறுத்தாதீர்கள்.

முதுகுவலியோடு கால் மரத்துப்போனாலோ, சிறுநீர் கட்டுப்படாமல் போனாலோ, உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.